கவுனி அரிசியின் நிறமும் கொழுப்புச் செல்லின் ஹார்மோனும்

கவுனி அரிசியைக் கழுவி ஊறவைத்த பாத்திரத்தைச் சில மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், தண்ணீர் கருநீலம் கலந்த ஊதா நிறத்தில் இருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அது சிவப்பாக மாறும். வேறொரு கரண்டியில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டால் நீலமும் பச்சையுமாகத் திரியும். இப்படிப் புளிப்புக்கும் காரத்தன்மைக்கும் ஏற்ப நிறம் மாறுகிற சாயங்களுக்கு ஆந்தோசயனின்கள் என்று பெயர். கருப்பு அரிசி வகைகளில் இவற்றுள் மிகுதியாக இருப்பது சயனிடின்-3-குளுக்கோசைடு, அதாவது சயனிடின் என்ற நிறமியோடு ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய வடிவம். இந்த ஒரு மூலக்கூறு நம் வாயிலிருந்து கிளம்பி எங்கெங்கே போகிறது, போகும் வழியில் என்னவாக மாறுகிறது, கடைசியில் வயிற்றுப் பகுதியில் சேர்ந்திருக்கும் கொழுப்புச் செல்லிடம் அது என்ன சொல்கிறது என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தால், பாலிஃபீனால்களைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் தீர்ந்துவிடும்.

முதலில் பாலிஃபீனால் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகச் சேர்ந்து, அந்த வளையத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டியிருந்தால் அது ஃபீனால். அத்தகைய வளையங்கள் பலவற்றைக் கொண்ட தாவரப் பொருள்களைப் பாலிஃபீனால்கள் என்கிறோம். இந்தக் குடும்பத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் அறியப்பட்டுள்ளன. வெயிலின் புறஊதாக் கதிர்களிடமிருந்தும், பூச்சி, பூஞ்சைகளிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே தாவரம் இவற்றைத் தயாரிக்கிறது. வேதியியல் படிக்காதவர்களும் இவற்றை நாவால் அறிந்திருக்கிறார்கள். அறுசுவையில் துவர்ப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் டானின் வகைப் பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றி இழுத்துக்கொள்வதால் வாய் உலர்ந்து சுருங்குகிற உணர்வுதான். வாழைப்பூவை ஆய்ந்தவுடன் மோர் கலந்த தண்ணீரில் போடுவதும் இதே பொருளோடு தொடர்புடையது: நறுக்கிய இடத்தில் பாலிஃபீனால்களும் அவற்றை ஆக்சிஜனோடு சேர்க்கிற நொதியும் ஒன்றையொன்று சந்திப்பதால் பூ கறுக்கிறது, மோரின் புளிப்பு அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. நாவற்பழம், நெல்லிக்காய், மாதுளை, வெங்காயம், மஞ்சள், தேயிலை, காப்பி ஆகிய எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்தின் வெவ்வேறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

கொழுப்புச் செல் பேசுகிறது

கொழுப்புச் செல்லை நெடுங்காலம் எண்ணெய் நிரப்பிய பையாக மட்டுமே அறிவியல் கருதிவந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். செல்லின் பெரும்பகுதியை ஒரே ஒரு கொழுப்புத் துளி அடைத்துக்கொண்டிருக்க, உட்கரு ஓரமாக நசுங்கிக் கிடக்கும். இந்த எண்ணத்தை மாற்றிய கதை ஒரு பருத்த எலியில் தொடங்கியது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், 1949-ஆம் ஆண்டில், ஓயாமல் தின்று மற்ற எலிகளைப்போல் பல மடங்கு பருமனாகிற ஒரு மரபுவழி எலி கண்டறியப்பட்டது. பின்னர் அதே ஆய்வகத்தில் வேறொரு மரபணுக் குறையால் அதேபோல் பருத்து நீரிழிவும் அடைகிற இன்னொரு வகை எலி கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் இந்த எலிகளை மற்ற எலிகளோடு அறுவைச் சிகிச்சை மூலம் இணைத்து, இரண்டின் ரத்தமும் கலக்கும்படி செய்தார். முதல் வகை எலி, இயல்பான எலியோடு இணைந்ததும் குறைவாகத் தின்று எடை குறைந்தது. இரண்டாம் வகை எலியோடு இணைக்கப்பட்ட இயல்பான எலியோ, உணவைத் தொடாமல் பட்டினியால் செத்துப்போனது. முதல் வகையிடம் பசியை அடக்கும் ஏதோ ஒரு பொருள் இல்லை, இரண்டாம் வகையிடம் அந்தப் பொருள் ஏராளமாக இருந்தும் அதை உணரும் ஏற்பி இல்லை என்று கோல்மன் முடிவுசெய்தார். அந்தப் பொருள் எது என்று 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். ஒல்லி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியொற்றி அதற்கு லெப்டின் என்று பெயரிட்டார்கள். அதைச் சுரப்பது கொழுப்புச் செல்.

லெப்டின், உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் உள்ளது என்பதை மூளைக்குச் சொல்கிறது. கொழுப்பு மிகுந்தால் லெப்டினும் மிகும். பசி அடங்க வேண்டும். ஆனால் உடற்பருமன் உள்ள பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. இதை லெப்டின் எதிர்ப்பு என்கிறோம். ஆகவே பருமன் உள்ளவரிடம் லெப்டின் கூடுவது நல்ல செய்தி அல்ல, குறைவதுதான் பெரும்பாலும் நல்ல செய்தி என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரைக்கு லெப்டினைவிட முக்கியமானது அதற்கடுத்து வந்த ஹார்மோன். 1995-இல் ஹார்வி லோடிஷின் ஆய்வகத்தில் ஃபிலிப் ஷெரர் முதலில் விவரித்த இந்தப் புரதத்துக்கு இன்று அடிபோனெக்டின் என்று பெயர். லெப்டின் ரத்தத்தில் நானோகிராம் கணக்கில் இருக்க, இது மைக்ரோகிராம் கணக்கில், அதாவது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகமாக இருக்கிறது. கல்லீரலும் தசையும் இன்சுலினின் சொல்லைக் கேட்கும்படி செய்வதும், கொழுப்பு எரிக்கப்படுவதைத் தூண்டுவதும், ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைத் தணிப்பதும் இதன் வேலைகள். இதில் ஒரு முரண் இருக்கிறது. அடிபோனெக்டினைத் தயாரிப்பது கொழுப்புச் செல்தான். ஆனால் கொழுப்பு கூடக்கூட ரத்தத்தில் அடிபோனெக்டின் குறைகிறது. ஒரே உடல் நிறைக் குறியீடு கொண்ட ஐரோப்பியரைவிடத் தெற்காசியரிடம் இது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் நம்மிடையே நீரிழிவு வருவதற்கான காரணங்களுள் ஒன்றாக இதைச் சொல்வதால், எனக்கு இந்த ஹார்மோன்மேல் தனி அக்கறை உண்டு.

முரணுக்கு விடை செல்லின் வீக்கத்தில் இருக்கிறது. உணவு மிகும்போது கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறி உப்புகின்றன. உப்பிய செல்லுக்குப் போதிய ஆக்சிஜன் எட்டுவதில்லை. சில செல்கள் மடிகின்றன. மடிகிற செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் மகுடம்போல் வளைத்து அமர்ந்துகொள்கின்றன. மெலிந்தவரின் கொழுப்புத் திசுவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கிற இந்தச் செல்கள், மிகுந்த பருமன் உள்ளவரிடம் நாற்பது விழுக்காட்டை நெருங்கலாம். இவை சுரக்கிற டி.என்.எஃப்.-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள், பக்கத்தில் உள்ள கொழுப்புச் செல்லில் அடிபோனெக்டின் தயாரிப்பை முடக்குகின்றன. மனிதரிடம் ரெசிஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனைப் பெரும்பாலும் சுரப்பதும் இந்த விழுங்கு செல்களே. எனவே ஹார்மோன் கெடுவது என்றால் சுரப்பி பழுதானது என்று பொருளல்ல. செல் இருக்கிற சூழல் கெட்டுவிட்டது என்று பொருள். பாலிஃபீனால்கள் தலையிட முடியுமானால், இந்தச் சூழலில்தான் தலையிட வேண்டும்.

உண்டது வேறு, ரத்தத்துக்கு வந்தது வேறு

இனி நம் கவுனி அரிசியின் சயனிடினைப் பின்தொடர்வோம். ஊறவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதிலேயே ஒரு பகுதி போய்விடுகிறது. கொதிக்கும்போது இன்னொரு பகுதி சிதைகிறது. மீதி வயிற்றைக் கடந்து சிறுகுடலுக்கு வருகிறது. பொதுவாக, உண்ட பாலிஃபீனால்களில் ஐந்து முதல் பத்து விழுக்காடுதான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது என்று மதிப்பிடுகிறார்கள். உறிஞ்சப்பட்டதையும் உடல் அப்படியே விடுவதில்லை. குடற்சுவரும் கல்லீரலும் அதில் குளுக்குரானிக் அமிலத்தையோ சல்பேட்டையோ மெத்தில் தொகுதியையோ ஒட்டி, சிறுநீரில் வெளியேறுவதற்கு ஏற்ற சரக்காக மாற்றிவிடுகின்றன. மீதமுள்ள தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கோடானுகோடி பாக்டீரியாக்களின் கைக்கு வந்துசேர்கிறது. அவை சர்க்கரையைக் கழற்றி, வளையங்களை உடைத்து, சிறுசிறு ஃபீனாலிக் அமிலங்களாக்குகின்றன. சயனிடினிலிருந்து இப்படிப் பிறப்பவற்றில் முக்கியமானது புரோட்டோகேட்டக்கூயிக் அமிலம்.

இது ஊகம் அல்ல. இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் அணுக்களை அடையாளமாகப் பதித்த 500 மில்லிகிராம் சயனிடின்-3-குளுக்கோசைடை எட்டு ஆண்களுக்குக் கொடுத்து, அந்த அடையாளக் கார்பன் எங்கெல்லாம் தென்படுகிறது என்று தேடினார்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் மட்டுமல்ல, அவர்கள் வெளிவிட்ட மூச்சுக்காற்றிலும் அது இருந்தது. அதாவது நிறமி மூலக்கூறின் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாகும் வரை உடைந்திருந்தது. சிறுநீரிலும் மூச்சிலுமாகச் சேர்த்து மீட்கப்பட்டது ஏறக்குறைய 12 விழுக்காடு. ரத்தத்தில் மூல நிறமி மிக அற்பமாகவும், அதன் உடைபொருள்கள் பன்மடங்கு அதிகமாகவும், சில நாள் கணக்கில் நீடிப்பவையாகவும் இருந்தன. ஊதா நிறம் கொழுப்புச் செல் வரை அநேகமாகப் போவதில்லை; போவது நிறமற்ற சிறு துண்டுகள்.

பாலிஃபீனால் என்றதும் "ஆக்சிஜனேற்றத் தடுப்பான்" என்று சொல்லி முடித்துவிடும் விளக்கம் ஏன் போதாது என்பது இப்போது புரியும். சோதனைக் குழாயில் இவை தனி உறுப்புகள் எனப்படும் தீவிரமான மூலக்கூறுகளை நேரடியாகப் பிடித்து அடக்குவது உண்மை. ஆனால் ரத்தத்தில் இவற்றின் செறிவு நானோமோலார் முதல் சில மைக்ரோமோலார் வரைதான். உடலில் ஏற்கெனவே உள்ள யூரிக் அமிலம், வைட்டமின் சி போன்றவை இதைவிடப் பல மடங்கு அதிகம். இவ்வளவு சிறு அளவில் இருந்துகொண்டு தீவிர மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மாளாது. சிறு அளவில் இருந்து பெரிய விளைவை உண்டாக்க வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு: செல்லுக்குச் சைகை காட்டி, செல்லையே வேலை செய்யவைக்க வேண்டும்.

செல்லுக்குள் நடப்பது

கொழுப்புச் செல்லின் உட்கருவில் பி.பி.ஏ.ஆர்.-காமா என்றொரு புரதம் இருக்கிறது. அது டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, அங்குள்ள மரபணுக்கள் படிக்கப்படும்படி செய்கிறது. அடிபோனெக்டின் மரபணுவின் தொடக்கத்திலும் அதற்கென்று ஓர் இருக்கை உண்டு. நீரிழிவுக்குத் தரப்படும் பயோகிளிட்டசோன் மருந்து வேலை செய்வது இந்தப் புரதத்தைத் தூண்டித்தான். அந்த மருந்தை எடுப்பவர்களின் ரத்தத்தில் அடிபோனெக்டின் தெளிவாகக் கூடுகிறது. டி.என்.எஃப்.-ஆல்ஃபா செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனிதரின் வயிற்றுக்குள்ளிருந்து எடுத்த கொழுப்புச் செல்களுக்குச் சயனிடின்-3-குளுக்கோசைடையும் புரோட்டோகேட்டக்கூயிக் அமிலத்தையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே பி.பி.ஏ.ஆர்.-காமாவின் செயலைக் கூட்டி, செல் குளுக்கோஸை உள்ளிழுப்பதையும் அடிபோனெக்டின் தயாரிப்பையும் உயர்த்தின. என் கருத்தில் இந்த ஆய்வின் அருமை, மூலப்பொருளோடு நிறுத்தாமல் உடைபொருளையும் சோதித்ததில் இருக்கிறது. உடலில் உண்மையில் அந்தச் செல்லைச் சந்திக்கப் போவது அதுதானே.

அடிபோனெக்டின் மரபணு படிக்கப்பட்டால் மட்டும் போதாது. புரதம் உருவானபின் அதன் மூன்று பிரதிகள் சேர்ந்தும், ஆறு சேர்ந்தும், பல சேர்ந்து பெரிய கட்டாகவும் பிணைய வேண்டும். கல்லீரலில் இன்சுலின் உணர்வைக் கூட்டுவதில் பெரிய கட்டுக்கே கூடுதல் பங்கு என்று கருதுகிறார்கள். இந்தப் பிணைப்புக்கு உதவுகிற உதவிப் புரதத்தை, திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் கூட்டுவதாகச் செல் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே மொத்த அடிபோனெக்டின் மாறாவிட்டாலும் அதன் வடிவப் பங்கு மாறியிருக்கலாம்.

இரண்டாவது களம் விழுங்கு செல். அதில் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்தால் அழற்சிப் பொருள்கள் தயாராகும். மஞ்சளில் உள்ள பாலிஃபீனாலான குர்குமின் அந்த நுழைவைத் தடுப்பது பல செல் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. டி.என்.எஃப்.-ஆல்ஃபா குறைந்தால், பக்கத்துக் கொழுப்புச் செல் மூச்சுவிட்டுக்கொண்டு மறுபடி அடிபோனெக்டினைத் தயாரிக்கும். இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. வெங்காயத்தின் குவர்செட்டின் ரத்தத்தில் குளுக்குரானிக் அமிலம் ஒட்டிய நிலையில்தான் சுற்றுகிறது. பூட்டிய பெட்டிபோல, அந்த நிலையில் அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆனால் அழற்சி உள்ள இடத்தில் விழுங்கு செல்கள் வெளியிடும் ஒரு நொதி அந்தப் பூட்டைக் கழற்றி, குவர்செட்டினை அங்கேயே விடுவிக்கிறது. கழிவாக்க ஒட்டிய அதே ஒட்டு, தேவையான இடம் வரை மருந்தைக் கொண்டுசேர்க்கும் உறையாகவும் ஆகிவிடுகிறது என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பளிக்கிற செய்தி.

லெப்டினைப் பொறுத்தவரை கவனம் வேண்டும். ஒரு பாலிஃபீனால் கொடுத்து லெப்டின் குறைந்தது என்று படித்தால், அவர்களின் எடையும் குறைந்ததா என்று பார்க்க வேண்டும். எடை குறைந்து கொழுப்புச் செல் சுருங்கினாலே லெப்டின் குறையும்; அதில் பாலிஃபீனாலுக்கு நேரடிப் பங்கு இருக்கவேண்டிய அவசியமில்லை.

மனிதரில் தெரிந்ததும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதும்

செல் ஆய்வுகளில் பத்து முதல் ஐம்பது மைக்ரோமோலார் வரை, சில சமயம் அதற்கும் மேலாகக் கொட்டுகிறார்கள். ரத்தத்தில் அந்த அளவு வருவதில்லை. அதனால்தான் மனிதரில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் செல் ஆய்வுகளைப்போல் பளிச்சென்று இருப்பதில்லை. ரெஸ்வெரட்ராலை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தில் 11 பருத்த ஆண்களுக்குத் தினம் 150 மில்லிகிராம் வீதம் 30 நாள் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை, அழற்சிக் குறியீடுகள் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. டென்மார்க்கில் 24 பருத்த ஆண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அதைப்போல் பத்து மடங்கு, 1,500 மில்லிகிராம், நான்கு வாரம் கொடுத்தபோது ஒன்றும் மாறவில்லை. கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

குர்குமினுக்கு ஊக்கமளிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. தாய்லாந்தில் நீரிழிவின் முன்னிலையில் இருந்த 240 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம் குர்குமினாய்டுகளும் மற்றக் குழுவுக்கு வெற்று மாத்திரையும் ஒன்பது மாதம் கொடுத்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 16.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. குர்குமின் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. அவர்களின் அடிபோனெக்டினும் அதிகமாக இருந்தது. இவ்வளவு அழகான முடிவை வேறு இடங்களில், வேறு மக்களிடம் திரும்பக் கண்ட பிறகே முழுதாக நம்ப வேண்டும் என்பது என் எண்ணம். அதோடு ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய மூன்று விழுக்காடு என்றால், 1.5 கிராம் குர்குமினுக்கு ஐம்பது கிராம் மஞ்சள் தூள் தேவை. குழம்பில் போடும் அரை தேக்கரண்டி மஞ்சளும் அந்த ஆய்வில் கொடுத்த மாத்திரையும் ஒன்றல்ல.

வேறுபாட்டுக்கு இன்னொரு காரணம் குடலில் இருக்கிறது. மாதுளையில் உள்ள எல்லாஜிடானின்கள் முதலில் எல்லாஜிக் அமிலமாகி, பின்னர் குடல் பாக்டீரியாக்களால் யூரோலித்தின்களாக மாறுகின்றன. யூரோலித்தின்-ஏ கொழுப்புச் செல்லில் கொழுப்பு சேர்வதைக் குறைப்பதாகச் செல் ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் ஒரே மாதுளையை உண்ட மூவரில் ஒருவர் யூரோலித்தின்-ஏ மட்டும் தயாரிப்பார். இன்னொருவர் அதோடு வேறு யூரோலித்தின்களையும் தயாரிப்பார். மற்றொருவர் எதையுமே தயாரிக்க மாட்டார். ஸ்பெயின் ஆய்வாளர்கள் இம்மூவரையும் ஏ, பி, பூச்சியம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். சோயாவில் உள்ள டைட்சீன் என்ற பாலிஃபீனால், குடல் பாக்டீரியாக்களால் ஈக்குவால் என்ற பொருளாக மாறுவதும் அப்படித்தான். 1932-இல் சினைக் குதிரையின் சிறுநீரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதால் குதிரையின் லத்தீன் பெயரை ஒட்டிப் பெயர் பெற்ற இந்தப் பொருளை, மேற்கத்திய நாட்டினரில் மூன்றில் ஒருவர் அளவிலும், சோயா உண்ணும் கிழக்காசிய நாட்டினரில் பாதிக்கும் மேற்பட்டோரும் தயாரிக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்கிற ஆய்வில், பலன் அடைந்தவரும் அடையாதவரும் ஒருவரையொருவர் மறைத்துவிடுகிறார்கள். பாலிஃபீனால் கொடுத்து அடிபோனெக்டினை அளக்கும் ஆய்வுகள், பங்கேற்பவரின் சிறுநீரில் எந்த உடைபொருள் இருக்கிறது என்பதையும் சேர்த்து அளந்தால்தான் இந்தச் சிக்கல் அவிழும்.

மாத்திரையாகவும் சாறாகவும் செறிவூட்டி எடுப்பவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். பச்சைத் தேயிலையில் உள்ள கேட்டக்கின் வகைப் பாலிஃபீனால்களுள் முக்கியமான இ.ஜி.சி.ஜி.யை மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. மற்றொன்று மிளகு. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலுக்குக் கிடைக்கும் குர்குமின் 2,000 விழுக்காடு கூடியதைக் காட்டினார்கள். குளுக்குரானிக் அமிலத்தை ஒட்டும் நொதியைப் பைப்பரின் தடுப்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதே வகை நொதிகள்தான் நாம் உண்ணும் பல மருந்துகளையும் கழிவாக்கி வெளியேற்றுகின்றன. ரசத்தில் போடும் மிளகைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் குர்குமினும் பைப்பரினும் சேர்த்து அடைத்த மாத்திரையை, நீரிழிவுக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் காட்டிக் கேட்காமல் தொடங்கக் கூடாது.